பிரிக்காத கயித்துப்பெட்டி

புதுசா வந்திருக்க தம்பிகளா, தாயிகளா, மொதல்ல அந்த நாற்காலிய இங்கிட்டு நகத்திப் போடுங்க. எனக்கு வலது முழங்கால் மடங்காது. உக்காந்தா காலு நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும். மருவாதி இல்லாதவன்னு நெனைச்சுக்கிராதீக. அந்தக் காலு மடங்காமப் போனதும் நான் சொல்லப் போற விசயத்துல ஒரு பங்குதான். மெதுவா வரும்.

நான் எதையும் நேராச் சொல்லிப் பழகாதவன். பத்தாங்கிளாஸ மூணாவது தடவ எழுதித் தேறி, ஓட்டப்பந்தயத்துல ஓடி போலீஸ்ல சேந்தவன். ரிப்போர்ட்டு நாலு வரி எழுதுவேன். அதுக்கு மேல எழுத வராது. அதனால நான் சொல்லச் சொல்ல ரேவதி எஸ்.ஐ. அம்மா எழுதுறாக. அவுகளுக்கும் இந்த விசயத்துக்கும் என்ன சம்பந்தம்னு பின்னாடி தெரியும்.

என்னைய இங்கன கூப்பிட்டதுக்குக் காரணம் அந்தா நிக்குதே இரும்புப் பீரோ, அதுக்குள்ள இருக்க சாமான். உங்கள்ல ஒருத்தரு போன வாரம் சொன்னாராம்ல, "இதெல்லாம் சினிமாச் சாமான், லத்திக்கு முன்னாடி நிக்குமா"ன்னு. யாருன்னு கேக்க மாட்டேன். அந்த வார்த்தைய ஒங்களுக்கு முன்னாடி சொன்னவன் நான். இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

பாக்காதவுகளுக்காகச் சொல்றேன். டார்ச் லைட்டு மாதிரி ஒரு பெட்டி. அமுக்குனா பட்டுனு ஒரு சத்தம். மெல்லிசுக் கயிறு ஒண்ணு, ரெண்டு முனையிலயும் சின்னக் கொக்கியோட பறந்து போயி எதுத்தாப்புல நிக்கிறவன் கால்லயோ கையிலயோ சுத்திக்கிரும். அவன் ஓட முடியாது. எலும்பு முறியாது. நாம அஞ்சாறு எட்டு தள்ளியே நிக்கலாம். அம்புட்டுத்தான் சாமான். எங்க ஸ்டேசன்ல அதுக்குப் பேரு கயித்துப்பெட்டி.

புதுச் சாமான்னா எனக்கு ஏன் ஆகாதுன்னா, அதுக்கு ஒரு பழைய கத இருக்கு. மொளகாத் தண்ணி ஸ்பிரே வந்த புதுசுல நாங்க மூணு பேரு கம்பம் ரோட்டுல ஒரு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஒருத்தன் குடிச்சுப்பிட்டு ஒடைச்ச பாட்டில வச்சுக்கிட்டு எல்லாரையும் வெரட்டிக்கிட்டு நிக்கிறான். ஆடி மாசம். நம்ம பக்கத்துக் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும், கொடியில காயப்போட்ட துணி தேனிக்குப் போயிரும். அப்ப இருந்த இன்ஸ்பெக்டரு ஐயா டப்பாவக் குலுக்கி ஜோரா அடிச்சாக. காத்து அம்புட்டையும் திருப்பிக் கொண்டாந்து எங்க மூஞ்சியில அப்புச்சு. மூணு போலீஸும் நடுரோட்டுல குத்த வச்சு அழுகுறோம். அந்தக் குடிகாரன் பாட்டிலக் கீழ போட்டுட்டு, டீக்கடையில ஒரு சொம்புத் தண்ணி வாங்கியாந்து, "சார், தேய்க்காதீக, தேய்க்காதீக, கண்ணத் தொறந்து வைங்க"ன்னு ஊத்திவிட்டான். ஊத்திட்டு அவம்பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிட்டான். அதுக்கப்பறம் அந்த டப்பாவ யாரும் தொடல.

ஆனா அத நெனச்சா இப்ப எனக்கு வேற ஒண்ணு தோணுது. மூணு போலீஸு அழுததப் பாத்து அவன் கையில இருந்த பாட்டிலு தானாக் கீழ எறங்குச்சு பாருங்க. அத அன்னைக்கு நாங்க யாரும் கவனிக்கல. ஸ்பிரே வேல செய்யலங்கறத மட்டும் பிடிச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணும் சொல்லணும். நான் சேந்த புதுசுல மயிலாடும்பாறப் பக்கம் ஒரு ஏட்டய்யாவுக்குக் கீழ இருந்தேன். ஆளு குட்டை, தொப்பை. பொண்டாட்டிய வெட்டப் போறேன்னு ஒருத்தன் அருவாளோட நின்னான். ஏட்டய்யா பின்னாடி போயி ஒரே இழுப்பு. குப்புறத் தள்ளி அவன் முதுகுல உக்காந்துட்டாரு. உக்காந்து மடியில இருந்து பீடிய எடுத்துப் பத்த வச்சாரு. கீழ கெடக்குறவன் தலையத் தூக்கி, "ஏட்டய்யா, எனக்கும் ஒண்ணு"ங்கறான். ஊரே சிரிக்குது. ஏட்டய்யா எங்கிட்ட, "பாத்துக்கடா. லத்தி வேணாம், துப்பாக்கி வேணாம். குப்புறப் போட்டு மேல உக்காரு, எவனும் அடங்குவான்"னாரு.

அதுதான் எனக்குத் தொழிலாப் போச்சு. எத்தன பேரு முதுகுல உக்காந்திருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. நான் அடிக்காத போலீஸுன்னு பேரெடுத்தேன். அதுல எனக்குப் பெருமை வேற. நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, கீழ கெடந்தவன் பீடி கேட்டான். பேசுனான். அவன் பேசுனதுனாலதான் அங்கன எல்லாருக்கும் சிரிப்பு வந்துச்சு. நான் சிரிப்ப மட்டும் படிச்சுக்கிட்டேன்.

சரி, பெட்டிக்கு வர்றேன். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றரை வருசம் இருக்கைல அது வந்துச்சு. அப்ப நான் எஸ்.எஸ்.ஐ. ஸ்டேசனுக்கு ரெண்டு பேருன்னு தேனிக்குக் கூப்பிட்டு மைதானத்துல வச்சுக் காட்டுனாக. எங்க ஸ்டேசன்ல இருந்து நானும், புதுசாச் சேந்த ரேவதியும். ஆமா, இந்த ரேவதி அம்மாதான். அப்ப கான்ஸ்டபிள். ஜீப் ஓட்டுனது பால்ராசு. சொல்லிக்குடுக்க வந்த தம்பி மொதல்ல ஒரு வாழத்தண்டுல சுத்திக் காமிச்சுச்சு. அப்பறம், "யாராச்சும் ஒருத்தர் வந்து நில்லுங்க சார்"னுச்சு. பால்ராசு என்னையப் பிடிச்சு முன்னாடி தள்ளிவிட்டான். "எங்க ஐயா மலை மாதிரி. இவருகிட்ட ஒங்க கயிறு வேகாது."

நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன். பட்டுனு சத்தம் கேட்டதுதான் தெரியும். முழங்காலச் சுத்தி இறுகிருச்சு. தம்பி அசையாம நிக்கச் சொல்லியிருந்துச்சு. நான் வீம்புக்கு ஓர் எட்டு எடுத்து வச்சேன். வலது கால் மடங்கி, மூட்டையா விழுந்தேன். இருநூறு போலீஸுக்காரய்ங்க கெக்கெக்கேன்னு சிரிக்கிறாய்ங்க. முழங்கால்ல உள்ள என்னமோ அத்துப்போச்சு. அன்னையில இருந்து மடங்கல.

சத்தியமாச் சொல்றேன், நான் அந்தப் பெட்டிய வெறுத்தது அது வேல செய்யாதுன்னு இல்ல. அது வேல செஞ்சுச்சு, என் மேல வேல செஞ்சுச்சு. இருநூறு பேரு சிரிச்சாய்ங்க. அந்தக் கோவம். வெளிய மட்டும், "சினிமாச் சாமான், மொசலு பிடிக்கத்தான் ஆகும்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ரேவதிதான் பெட்டியச் சுமந்துக்கிட்டு வந்துச்சு. ஸ்டேசனுக்கு வந்ததும் அட்டப் பெட்டியப் பிரிக்கப் போச்சு. நான் விடல. நம்ம டிப்பார்ட்மெண்டுல ஒரு பழக்கம் இருக்கு, நீங்களும் சீக்கிரம் கத்துக்கிருவீக. புதுச் சாமான் எது வந்தாலும் மேல இருக்க பிளாஸ்டிக் கவரப் பிரிக்க மாட்டோம். இன்ஸ்பெக்சனுக்கு வர்ற அதிகாரி பாக்கைல புதுசு மாதிரி இருக்கணும். ஒடைஞ்சா, தேஞ்சா, ஒரு கயிறு செலவாயிட்டா கூட யாரு, எதுக்கு, எப்பன்னு பக்கம் பக்கமா எழுதணும். எழுத எனக்கு வராதுன்னுதான் சொன்னேன்ல. பீரோவுல வச்சுப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். ரேவதி கேட்டுச்சு, "ஐயா, சார்ஜாவது போட்டு வைக்கவா?" கவரப் பிரிக்காம ஓரமாக் கிழிச்சு வயர மட்டும் விட்டு மாசத்துக்கு ஒருக்க சார்ஜ் போட்டுக்கிட்டு இருந்துச்சு அந்தப் புள்ள. அதுவும் எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்த விசயம் நடந்த அன்னைக்கு மத்தியானம் ஒரு மணி இருக்கும். பண்ணைப்புரத்துக்கு இங்கிட்டு ஒரு திராட்சத் தோட்டத்துல இருந்து போன் வந்துச்சு. அங்கன வேல பாக்குற ராசுன்னு ஒருத்தன், முப்பது முப்பத்தி ரெண்டு வயசு, கொடி வெட்டுற கவாத்துக் கத்திரிய வச்சுக்கிட்டு பந்தலுக்குள்ள நின்னு பழத்தையெல்லாம் வெட்டிப் போடுறான். தடுக்கப் போன ஒரு ஆளு கையிலயும் கீறிருச்சு. ராசுவுக்கு நாலு வருசமா மனசு சரியில்ல. மாத்திரையில இருந்தான். மாத்திரை தின்னா வேலையில தூக்கம் வருதுன்னு பத்து நாளா நிறுத்திப்பிட்டானாம்.

ஜீப்புல நான், பால்ராசு, இன்னொரு கான்ஸ்டபிள் தம்பி, ரேவதி. ஏறப் போகைல ரேவதி கேட்டுச்சு.

"ஐயா, பெட்டிய எடுத்துக்கவா? சாவி குடுங்க."

"எதுக்குத்தா?"

"கத்திரி வச்சிருக்கான்ல. கிட்டப் போகாமப் பிடிக்கலாம்."

"போன மாசம் பூரா ஆறு பேரப் பிடிச்சேன். எந்தப் பெட்டிய வச்சுப் பிடிச்சேன்? ஏறுத்தா, நேரமாகுது. மூணு மணிக்குத் தேர் பந்தோபஸ்து இருக்கு."

பால்ராசு சிரிச்சான். "ரேவதி, ஐயா முழங்காலு அந்தப் பெட்டியப் பாத்தா அழுகும்." நானும் சிரிச்சேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. அம்புட்டு நேரமும் இருந்துச்சு.

போயி எறங்குனா வரப்பு நெறைய சனம். கையில கையில செல்போன். பன்னீர் திராட்ச, ஒரு வாரத்துல அறுப்பு. பந்தலு ஆளு ஒசரந்தான். கறுப்பு கறுப்பா தொங்குது. கீழ பூராவும் வெட்டிப் போட்ட கொல. அதுக்கு நடுவுல ராசு. நல்ல ஒடம்பு, மாத்திரையில ஊதின ஒடம்பு. வேர்வையில சட்ட நனைஞ்சு ஒட்டிக்கெடக்கு. யாரையும் பாக்கல. கத்திரிய வச்சு ஒவ்வொரு கொலையா நறுக்கு, நறுக்குனு.

அவனோட ஆத்தா ஓடியாந்து என் கையப் பிடிச்சுக்கிருச்சு. கூலி வேல பாக்குற கை, சொரசொரன்னு இருந்துச்சு.

"அய்யா, அடிச்சுப்பிடாதீகய்யா. ஒரு அடி தாங்க மாட்டான். எறும்பக் கூட மிதிக்க மாட்டான்யா எம்புள்ள."

"ஆத்தா, ஒரு அடி விழுகாது. போதுமா?" நம்பிக்கை வரட்டும்னு கையில இருந்த லத்திய அதுகிட்டக் குடுத்தேன். "இந்தா, நீயே வச்சுக்க. ஒம்மகன அடிக்காமக் கூட்டியாந்து ஒன் கையில ஒப்படைக்கிறேன். அப்பறம் இதத் திருப்பிக் குடு."

லத்திய ரெண்டு கையிலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னுச்சு. ரேவதியப் பாத்து, "ஆத்தாகூட நில்லு"ன்னுட்டு நான் பந்தலுக்குள்ள குனிஞ்சு போனேன்.

"என்னப்பா ராசு, என்ன வேல நடக்குது?"

திரும்பிப் பாத்தான். கோவம் இல்ல அவன் மூஞ்சியில. பயம். "சார், இதுல மருந்து வச்சுட்டாய்ங்க. புள்ளைக திங்கும் சார். பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள வெட்டணும். நீங்க அந்தப் பக்கம் ஒரு வரிச வெட்டுங்க."

இத நல்லாக் கேளுங்க. அவன் என்னைய ஒத்தாசைக்குக் கூப்பிட்டான். சரிப்பான்னு நாலு கொலையப் பிச்சுப் போட்டுக்கிட்டு அவங்கூடயே ஒரு வரிச நடந்திருந்தா, கை வலிச்சு அவனே உக்காந்திருப்பான். தண்ணி குடுத்தா கத்திரியக் கீழ வச்சிருப்பான். அவனச் சுத்தி ஒரு ஆளு கூட இல்ல. சாகக் கெடந்தது திராட்ச மட்டுந்தான். எனக்கு அப்ப அது தோணல. தோணாதபடிக்கு ஒருத்தரு வரப்புல நின்னு கத்திக்கிட்டிருந்தாரு, தோட்டக்காரரு.

"ஐயா, நிமிசத்துக்கு நாலு கொல போகுது! பேசிக்கிட்டே இருக்கீக, பொண்ணு பாக்கவா வந்தீக?"

சனம் சிரிச்சுச்சு. மறுபடியும் சிரிப்பு. எனக்கு மைதானம் ஞாபகத்துக்கு வந்துருச்சு. மூணு மணித் தேரும் ஞாபகத்துக்கு வந்துருச்சு.

பால்ராசுக்குக் கண்ணக் காமிச்சேன். அவனும் அந்தத் தம்பியும் பின்னாடி சுத்தி வந்தாய்ங்க. தோட்டத்து ஆளுக ரெண்டு பேரு ஈரச் சாக்கோட சேந்தாய்ங்க. சாக்கத் தலையில போட்டு இழுத்தாய்ங்க. ராசு குப்புற விழுந்தான். நான் போயி அவன் முதுகுல உக்காந்தேன்.

மத்தவுக உக்காந்தா ரெண்டு காலும் தரையில ஊனும், பாதி பாரத்தக் காலு தாங்கிக்கிரும். என் காலுதான் மடங்காதே. மொத்த ஒடம்பும் அவன் மேல. ரெண்டு காலையும் தோட்டத்து ஆளுக ஆளுக்கொண்ணா பிடிச்சிருக்காய்ங்க, கழுத்தப் பால்ராசு அமுக்கியிருக்கான். தலையில சாக்கு. அவன் திமிறத் திமிற நாங்க அமுக்குறோம். மூச்சுக்குத்தான் திமிறுறான்னு எங்களுக்குத் தெரியல, சண்டை போடுறான்னு நெனைச்சோம்.

"விடுங்க, மூச்சு முட்டுது"ன்னான். எனக்கு அது புதுசா? எல்லாரும் சொல்றதுதான்.

"கயிறு கொண்டாங்க!"ன்னு கத்துறேன். சனத்துல ஒரு ஆளு பம்புசெட்டுக்கு ஓடுறான் கயிறு எடுக்க. அங்கன இல்ல. இன்னொருத்தன் மாட்டுக் கொட்டகைக்கு ஓடுறான். நான் கயிறு, கயிறுன்னு கத்திக்கிட்டே உக்காந்திருக்கேன். கயிறு ஸ்டேசன்ல பீரோவுக்குள்ள இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு.

வரப்புல இருந்து ரேவதி கத்துச்சு. "ஐயா, ஒருக்களிச்சுப் போடுங்க! மொகத்தப் பாருங்க! டிரெயினிங்ல சொன்னாகய்யா!"

"சும்மா இருத்தா, கையில கத்திரி இருக்கு"ன்னேன். கத்திரி இல்ல. சாக்கு போட்டப்பவே விழுந்து மூணு எட்டு தள்ளிக் கெடந்துச்சு. நான் பாக்கல.

"அம்மா"ன்னு ரெண்டு தடவ சொன்னான். அப்பறம் திமிறல் நின்னுச்சு. எனக்கு நிம்மதி. தலையத் தூக்கி வரப்பப் பாத்து அவன் ஆத்தாகிட்டச் சொன்னேன், "பயப்படாதத்தா, அமைதியாயிட்டான்"னு.

அந்தம்மா லத்திய நெஞ்சோட வச்சுக்கிட்டு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

கயிறு வந்துச்சு. கையக் கட்டுனோம். புரட்டிப் போட்டு சாக்க எடுத்தோம். மூஞ்சி பூரா திராட்சச் சாறும் மண்ணும். ஒதடு நீலமா இருந்துச்சு.

ஜீப்புல போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு ஓடுனோம். ரேவதி வழி நெடுகா நெஞ்ச அமுக்கிக்கிட்டே வந்துச்சு. டாக்டரு பாத்துட்டு என்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டாக. அப்பறம் வந்த ரிப்போர்ட்டும் அதத்தான் சொல்லுச்சு. அடி இல்ல, காயம் இல்ல. மூச்சு முட்டிச் செத்திருக்கான்.

அன்னைக்குச் சாயங்காலமே ஸ்டேசன்ல பேச்சு நடந்துச்சு. மேல இருந்து கேப்பாக, கருவி குடுத்திருந்தோமே ஏன் எடுத்துட்டுப் போகலன்னு. கருவி பழுதுன்னு எழுதிருவோம்னு முடிவாச்சு. நான் கையெழுத்துப் போட்டேன். ரேவதியும் அதே மாதிரி எழுதணும்.

"ஐயா, நேத்துத்தான் நான் சார்ஜ் போட்டேன்"னுச்சு.

"தெரியும் தாயி. எழுது. ஒனக்கு இருபத்தாறு வயசு. என்னோட சேந்து நீயும் போகாத."

எழுதுச்சு. அந்தப் புள்ளையக் காப்பாத்துறதாத்தான் நெனைச்சேன். என்னையத்தான் காப்பாத்திக்கிட்டேன்.

மூணு மாசங் கழிச்சு உத்தமபாளையத்துல விசாரணை. மாஜிஸ்திரேட் அம்மா ராசுவோட ஆத்தாவ மொதல்ல கூப்பிட்டாக. நான் பின்னாடி பெஞ்சில இருக்கேன், பக்கத்துல ரேவதி. அந்தம்மா என்னையத் திட்டும், மண்ண வாரித் தூத்தும், அதுக்குத் தயாராத்தான் போயிருந்தேன்.

"போலீஸ் உங்க மகன அடிச்சாங்களாம்மா?"

"இல்ல தாயி. பொய் சொல்லக் கூடாது. அந்த ஐயா ஒரு அடி அடிக்கல. லத்தியக் கூட என் கையில குடுத்துட்டாக. அடிக்க மாட்டேன்னு சொன்னாக, சொன்ன சொல்லக் காப்பாத்துனாக. எம்புள்ள விதி."

தம்பிகளா, எனக்கு அதுக்கு மேல அந்தப் பெஞ்சில உக்கார முடியல. திட்டியிருந்தா பொய்யோடயே வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்து என்னையக் கூப்பிட்டாக. வாக்குமூலத்தப் படிச்சாக. "கருவி பழுதாக இருந்ததுன்னு சொல்லியிருக்கீங்க. அப்படித்தானே?"

"இல்லம்மா. நல்லா இருந்துச்சு. இந்தப் புள்ள எடுத்துக்கவான்னு கேட்டுச்சு. நாந்தான் வேணாம்னேன். பழுதுன்னு எழுதச் சொன்னதும் நாந்தான். அதுமேல தப்பில்ல."

எல்லாம் அதுக்கப்பறம் வேகமா நடந்துச்சு. சஸ்பெண்டு, கேஸு. கேஸு இன்னும் ஓடுது. பென்சன நிறுத்தி வச்சிருக்காக. அதப் பத்தி எனக்குப் புகார் இல்ல. ரேவதிய எச்சரிச்சு விட்டாக. பரீட்ச எழுதி எஸ்.ஐ. ஆயிருச்சு.

அந்தப் பெட்டி இருந்திருந்தா ராசு பொழச்சிருப்பானான்னு என்னையக் கேப்பாக. எனக்குத் தெரியாது. கயிறு பந்தல் காலுல சுத்தியிருக்கலாம். அவன் விழுந்து கத்திரி குத்தியிருக்கலாம். சுத்துன பிறகும் நான் போயி மேல உக்காந்திருக்கலாம், எனக்கு அதுதானே தெரியும். சாமான் ஆளக் காப்பாத்தும்னு நான் சொல்ல வரல. அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அதக் கேட்டுக்கிற மனசும் எனக்கு இல்ல. அதத்தான் சொல்ல வந்தேன்.

விசாரணை முடிஞ்சு வெளிய வந்தா கோர்ட்டு வாசல்ல வேப்பமரத்தடியில அந்தம்மா நின்னுச்சு. எனக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு நின்னுருக்கு. கிட்டப் போனேன். அடிக்கட்டும்னுதான் போனேன்.

"அய்யா, கயித்தால கட்டுற பெட்டின்னு உள்ள சொன்னீகளே. அத ஏன்யா கொண்டாரல?"

"கவர் பிரிக்கலத்தா."

"ஏன் பிரிக்கல?"

"புதுசா இருக்கட்டும்னு."

முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நின்னுச்சு. ரேவதி போயி தோளத் தொட்டுச்சு. அந்தம்மா என்னையப் பாக்காம, ரேவதியப் பாத்துத்தான் சொல்லுச்சு.

"அடிக்காதீகன்னுதான் தாயி நான் சொன்னேன். மேல உக்காராதீகன்னு சொல்ல எனக்குத் தெரியாமப் போச்சே."

ரேவதி அம்மா, இத எழுதிட்டீகளா? எழுதுங்க. அப்படியே எழுதுங்க.

இனி நான் சொல்ல ஒண்ணும் இல்ல தம்பிகளா. பீரோச் சாவி ஆணியில தொங்குது, வரைல பாத்தேன். பெட்டி மேல கவரு அப்படியே இருக்கு, அதையும் பாத்தேன். நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க நேரமாகும். நான் எந்திரிக்கிறதுக்குள்ள யாராவது ஒருத்தர் போயி அந்தக் கவரக் கிழிங்க.